உடும்பைத் தாண்டிப் போன கூட்டுப்படை

ஒரு கரட்டுக் குன்றின் மேல் மயில்கள் வாழ்ந்தன. கரட்டுக்குக் கீழே இருந்த முட்காட்டில் முள்ளம்பன்றிகள் வாழ்ந்தன. முட்காட்டை ஒட்டிய குளத்தில் தாரா வாத்துகள் வாழ்ந்தன. மூன்று கூட்டத்துக்கும் எல்லை இருந்தது. எல்லைக்குக் காவல் இருந்தது. காவலுக்குத் தலைவர் இருந்தார். இல்லாதது புத்தி ஒன்றுதான். அது கதை போகப் போகத் தெரியும்.

மூன்று எல்லைகளும் வந்து சேரும் இடத்தில் ஒரு பொட்டல் இருந்தது. வெறும் கூழாங்கல், நாலு செடி. அதனால் அதை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை. அங்கே இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்று, மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி. இன்னொன்று, ஓர் உடும்பு.

உடும்பு என்றால் சாதாரண உடும்பு இல்லை. வாலோடு சேர்த்தால் ஓர் ஆள் நீளம் வரும். கரட்டில் ஏறி மயில் முட்டையைக் குடிக்கும். குளத்தில் இறங்கித் தாராக்குஞ்சை விழுங்கும். முட்காட்டில் நுழைந்து, முள் முளைக்காத முள்ளம்பன்றிக் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும். அதற்கு எந்த எல்லையும் கிடையாது.

சரி, அதை விரட்டவில்லையா என்று கேட்பீர்கள். விரட்டினார்கள். மயில்கள் தங்கள் எல்லைக் கல் வரைக்கும் துரத்திக்கொண்டு வரும். உடும்பு கல்லைத் தாண்டியதும் மயில்கள் நின்றுவிடும். "ஒழிந்தது! நம் மண்ணில் இப்போது உடும்பே இல்லை!" என்று அகவித் தீர்க்கும். உடும்பு பொட்டலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, நேராகக் குளத்துக்குப் போகும். தாராக்கள் துரத்தும். அவையும் தங்கள் கல்லோடு நிற்கும். அவையும் வெற்றி கொண்டாடும். முள்ளம்பன்றிகளும் அப்படித்தான். ஒரே நாளில் மூன்று வெற்றி! அன்றைக்குச் செத்தது மட்டும் பதினைந்து குஞ்சு.

மஞ்சக்காலி பொட்டலில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக நான்கு முட்டை இட்டிருந்தாள். ஆண்குருவியைப் போன மாதம் பருந்து கொண்டுபோய்விட்டது. ஒற்றை ஆளாக அடைகாத்தாள். உடும்பு வளையை விட்டுத் தலை நீட்டினாலே, "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று வானத்தில் ஏறிக் கத்துவாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மூன்று கூட்டமும் குஞ்சுகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது முட்டைப் பக்கம் வந்தால், சிறகு ஒடிந்தவள் போல நொண்டி நொண்டி எதிர்ப்பக்கம் ஓடுவாள். உடும்பு அவள் பின்னால் போகும். தூரம் போனதும் பறந்துவிடுவாள்.

இன்னும் ஆறு நாளில் முட்டை பொரிந்துவிடும். அதுதான் அவளுக்குப் பயம். முட்டை அசையாது, சத்தம் போடாது. குஞ்சு அப்படியா? ஓடும், கத்தும். உடும்பின் நாக்குக்கு அது போதாதா? ஆறு நாளுக்குள் உடும்பு ஒழிந்தாக வேண்டும். தனியாளாக அவளால் அது முடியாது.

அதனால் மூன்று தலைவர்களிடமும் போய்க் கெஞ்சினாள். அவள் தொல்லை பொறுக்க முடியாமல் கூட்டம் கூட்டினார்கள்.

மயில் தலைவர் கொண்டையப்பர் வந்தார். முள்ளம்பன்றித் தலைவர் ஈட்டியப்பன் வந்தார். தாராக்களின் தலைவி ஆம்பலம்மாள் வந்தார். யார் எந்தக் கல்லில் உட்காருவது என்பதிலேயே பாதி நாள் போயிற்று. மயிலுக்கு உயரமான கல் கூடாது என்றது தாரா. முள்ளம்பன்றி பக்கத்தில் உட்கார்ந்தால் குத்தும் என்றது மயில். கடைசியில் மூவரும் நின்றபடியே பேசினார்கள்.

"உடும்பின் போக்கு எங்களுக்கு மிகுந்த கவலையளிக்கிறது" என்றார் கொண்டையப்பர்.

"எங்களுக்கும் கவலையளிக்கிறது" என்றார் ஈட்டியப்பன்.

"கவலை எங்களுக்கும் உண்டு. ஆனா ஒண்ணைச் சொல்லிடறேன். எங்க குளத்துல இதுவரைக்கும் ஒரு குஞ்சுகூடக் குறையலை" என்றார் ஆம்பலம்மாள்.

முந்தின நாள் உடும்பு குளத்திலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததை மஞ்சக்காலி தன் கண்ணாலேயே பார்த்தவள்.

"ஐயா, அம்மா, கவலைப்பட்டது போதும்" என்றாள். "அது எப்போ சோர்ந்திருக்கும், எந்த வழியா ஓடும், என்னிக்கு வளையிலயே கிடக்கும்? உங்களுக்குத் தெரிஞ்சதை ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லுங்க. மூணையும் சேர்த்தா ஒரே நாள்ல முடிச்சுடலாம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தாராளமா சொல்லலாம். முதல்ல முள்ளம்பன்றி சொல்லட்டும்" என்றார் கொண்டையப்பர்.

"குளத்துக்காரங்க சொன்னா நாங்களும் சொல்றோம்" என்றார் ஈட்டியப்பன்.

"மயில் சொல்லாம நாங்க வாயைத் திறக்க மாட்டோம்" என்றார் ஆம்பலம்மாள்.

பொழுது சாய்ந்தது. "தொடர்ந்து பேசுவது என்று முடிவாயிற்று" என்று அறிவித்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள். பேச வந்தவர்கள் பேசுவதாக முடிவெடுத்துவிட்டுப் போனார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மஞ்சக்காலி விடவில்லை. மறுநாள் தனித்தனியாகப் போனாள்.

"பெரியவரே, என்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்றாள் கொண்டையப்பரிடம். "நான் மத்தவங்ககிட்ட மூச்சு விட மாட்டேன். எனக்கு எல்லையும் இல்லை, கூட்டமும் இல்லை. இருக்கிறது நாலு முட்டை."

கொண்டையப்பர் சுற்றும் முற்றும் பார்த்தார். கழுத்தைத் தாழ்த்தினார். "விடிகாலையில அது வளை வாசல்ல வந்து படுக்கும். உடம்புல வெயில் ஏறுற வரைக்கும் அதுக்குக் காலே ஓடாது. கட்டை மாதிரி கிடக்கும். குத்தினா உள்ளே ஊர்ந்து போகத்தான் முடியும்."

"இதைச் சொல்றதுக்கு என்ன தயக்கம்?"

"எங்கேயிருந்து பார்த்தேன்னு கேட்பாங்களே! நாங்க அடையுற மரம் எதுன்னு தெரிஞ்சுபோகும்."

அடுத்து ஈட்டியப்பனிடம் போனாள். அவர் வெகுநேரம் முள்ளைச் சிலுப்பிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அந்த வளையே எங்க ஆளுங்க வெட்டிப் போட்டுட்டு வந்தது. வாசல்ல அடிச்சா அது பின்வாசல் வழியா ஓடிடும். பின்வாசல் காரைச் செடிக்கு அடியில இருக்கு. அங்கே ரெண்டு பேர் முள்ளை விரிச்சுக்கிட்டு உட்கார்ந்தா கதை முடிஞ்சது."

"பிறகு ஏன் சொல்லலை?"

"எங்க வளை எல்லாமே ஒரே மாதிரிதான் வெட்டுவோம். ஒண்ணோட பின்வாசல் தெரிஞ்சா எல்லாத்தோட பின்வாசலும் தெரிஞ்ச மாதிரி. நாளைக்கு யார் வருவான்னு யார் கண்டா?"

கடைசியில் ஆம்பலம்மாளிடம் போனாள். ஆம்பலம்மாள் முதலில் மழுப்பினார். பிறகு கண் கலங்கிவிட்டார்.

"வயிறு முட்டத் தின்னுட்டா அது ரெண்டு நாளைக்கு எங்கேயும் போகாது. வளைக்கும் வாசலுக்குமா கிடக்கும். இன்னிக்குக் காலையில எங்க குஞ்சு பதினொண்ணைத் தின்னுட்டுப் போயிருக்கு. நாளைக்கு நிச்சயமா அங்கேதான் கிடக்கும்."

"அம்மா, பதினொண்ணா! குறையவே இல்லைன்னு சொன்னீங்களே."

"பின்னே, எங்களால காப்பாத்த முடியலைன்னு ஊரெல்லாம் சொல்லச் சொல்றியா? குளம் பலவீனமா இருக்குன்னு தெரிஞ்சா அந்த ரெண்டு பேரும் கரையைப் பிடிச்சுக்க மாட்டாங்களா?" என்று மூக்கை உறிஞ்சினார் ஆம்பலம்மாள்.

மஞ்சக்காலிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. நாளை விடிகாலை. வளை வாசலில் மயில்கள். காரைச் செடியருகே முள்ளம்பன்றிகள். அது தப்பித் தண்ணீரில் இறங்காமல் கரையில் தாராக்கள். இவ்வளவுதான் வேலை! இத்தனை நாள் இத்தனை குஞ்சு செத்தது இதைச் சேர்த்து வைக்க ஆள் இல்லாமல்தான்.

அவள் வாக்குத் தவறவில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்று தலைவர்களிடமும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொன்னாள். "நாளைக்கு வெயில் வர்றதுக்கு முன்னாடி இந்த மூணு இடத்துல நில்லுங்க. மத்தது தானா நடக்கும்" என்றாள்.

மூவரும் தலையாட்டினார்கள்.

காரைச் செடியென்று கேட்டதும் கொண்டையப்பர் யோசித்தார். 'முள்ளம்பன்றி தன் ரகசியத்தை இவளிடம் சொல்லியிருக்கிறான். அப்படியானால் என் ரகசியம் அவனுக்குப் போகாது என்று என்ன நிச்சயம்?' விடிகாலை என்று கேட்டதும் ஈட்டியப்பனுக்கும் அதே யோசனை. இரண்டையும் கேட்டதும் ஆம்பலம்மாளுக்கும் அதே யோசனை.

அன்று மாலையே மூவரும் சந்தித்தார்கள். கல் தகராறு இல்லை. யார் முதலில் பேசுவது என்ற தகராறும் இல்லை. மஞ்சக்காலியை மட்டும் கூப்பிடவில்லை.

"அவளுக்கு எல்லாம் தெரியுது" என்றார் கொண்டையப்பர்.

"என்னோடது தெரியும். உங்களோடதும் தெரியும்போல" என்றார் ஈட்டியப்பன்.

"ஒரு கூட்டத்துலயும் சேராதவ. நாளைக்கு யார்கிட்ட என்ன சொல்லுவாளோ" என்றார் ஆம்பலம்மாள்.

"உடும்பால போறது குஞ்சு. குஞ்சு போனா அடுத்த வருஷம் மறுபடி பொரிச்சுக்கலாம். ரகசியம் போனா?" என்று கேட்டார் கொண்டையப்பர்.

"போனது போனதுதான்" என்றார் ஈட்டியப்பன்.

"அப்போ யாரால ஆபத்து அதிகம்?" என்றார் கொண்டையப்பர்.

மூவரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். கூட்டம் ஒரு மீன் குதித்து விழும் நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் மூன்று கூட்டமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

விடிந்தது. இன்னும் வெயில் வரவில்லை. வளை வாசலில் உடும்பு வந்து படுத்திருந்தது. வயிறு உப்பிக் கிடந்தது. கண் பாதி மூடியிருந்தது. கால்கள் நாலும் நாலு திசையில் விறைத்துக் கிடந்தன.

மஞ்சக்காலி முட்டைகளின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கரட்டிலிருந்து மயில்கள் இறங்கின. முட்காட்டிலிருந்து முள்ளம்பன்றிகள் வந்தன. குளக்கரையிலிருந்து தாராக்கள் ஏறி வந்தன. சொன்ன நேரம் தப்பவில்லை. முதல் தடவையாக யாரும் தங்கள் எல்லைக் கல்லோடு நிற்கவும் இல்லை. எல்லாரும் கல்லைத் தாண்டிப் பொட்டலுக்குள் வந்தார்கள்.

"வந்துட்டாங்கடா கண்ணுங்களா" என்று முட்டைகளிடம் சொன்னாள். "இனிமே நீங்க தாராளமா ஓடலாம், கத்தலாம்."

மயில்கள் வளை வாசலுக்கு வந்தன. உடும்பு அசைய முடியாமல் கண்ணை மட்டும் உருட்டியது. மயில்கள் அதைத் தாண்டி நடந்தன.

ஒரு பெண்மயில் மட்டும் நின்றது. இரண்டு வருஷமாக ஒரு முட்டைகூடத் தங்காத மயில் அது. "ஐயா, உடும்பு இங்கேயே கிடக்குது. ஒரு குத்து போதும்" என்றது.

"இன்னிக்கு வந்த வேலை அது இல்லை. வரிசையைக் கலைக்காதே" என்றார் கொண்டையப்பர்.

முள்ளம்பன்றிகள் காரைச் செடியைத் தாண்டி வந்தன. அங்கே ஒருவரும் உட்காரவில்லை. மூன்று படையும் சேர்ந்து மஞ்சக்காலியைச் சுற்றி நின்றது.

"எழுந்திரு. இந்தப் பொட்டலை விட்டு உன்னை வெளியேத்தணும்னு மூணு பேரும் முடிவு பண்ணியிருக்கோம்" என்றார் ஈட்டியப்பன்.

மஞ்சக்காலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா, உடும்பு அந்தப் பக்கம் கிடக்கு" என்றாள்.

"அது எங்களுக்குத் தெரியும்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"உனக்கு ரொம்பத் தெரியுது" என்றார் கொண்டையப்பர்.

"நீங்கதானே சொன்னீங்க! நான் யார்கிட்டயும் சொல்லலையே!"

"இதுவரைக்கும் சொல்லலை" என்றார் ஆம்பலம்மாள். அவர் மஞ்சக்காலியின் முகத்தைப் பார்க்கவில்லை. "முட்டையை எடுத்துக்கிட்டு வேற இடம் பார்த்துக்க."

"எப்படியம்மா எடுப்பேன்? நீங்களும் முட்டை போடுறவங்கதானே. இன்னும் நாலு நாள் பொறுங்க. பொரிஞ்சதும் நானே கூட்டிக்கிட்டுப் போயிடறேன்."

மூன்று பக்கமிருந்தும் நெருங்கினார்கள். மஞ்சக்காலி சிறகை விரித்து நின்றாள். கத்தினாள், கொத்தினாள், ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பாய்ந்தாள். சிறகு ஒடிந்தவள் போல நொண்டியும் காட்டினாள். உடும்பு ஏமாறும் அந்த வித்தைக்கு இவர்கள் ஏமாறவில்லை. ஒரு முள் அவள் தொடையில் ஏறியது. அவள் எழும்பிப் பறந்தாள். கீழே கால்கள் நெரிசலாக நகர்ந்தன.

விலகிப் பார்த்தபோது கூழாங்கற்களுக்கு நடுவே மஞ்சளாக வழிந்திருந்தது. யார் கால் என்று இன்றுவரைக்கும் தெரியாது. கூட்டு நடவடிக்கை அல்லவா? கால்களுக்குக் கணக்குச் சொல்ல யாரும் இல்லை.

"யாரும் வேணும்னு மிதிக்கலை" என்றார் ஈட்டியப்பன்.

"ஆமா, வருத்தம்தான்" என்றார் கொண்டையப்பர்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. உடும்பு எழுந்தது, காலை உதறியது. மூன்று கூட்டமும் பொட்டலின் நடுவே நின்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தது. கரட்டில் காவல் இல்லை. முட்காட்டில் காவல் இல்லை. குளத்தில் காவல் இல்லை. முதல் நாள் தின்றது இன்னும் வயிற்றில் இருந்தது. ஆனால் இப்படி ஒரு வாய்ப்பை எந்த உடும்பு விடும்? அது முட்காட்டுக்குள் நுழைந்தது. அங்கிருந்து கரட்டுக்குப் போனது. குளத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டது.

மஞ்சக்காலி மேலேயிருந்து அத்தனையையும் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவள் கத்தினால்தானே இவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்?

மதியம் உடும்பு பொட்டலுக்குத் திரும்பி வந்தது. உடைந்த முட்டைகளை நாக்கால் தொட்டுப் பார்த்தது. பிறகு தலை நிமிர்த்தி மஞ்சக்காலியைப் பார்த்தது.

"இது நான் பண்ணினது இல்லை" என்றது.

"தெரியும்" என்றாள் மஞ்சக்காலி.

"இத்தனை நாள் நீதான் எனக்குப் பயந்துக்கிட்டு இருந்தேன்னு நினைச்சியா? இவங்க மூணு பேரும் ஒருநாள் பேசிக்குவாங்களோன்னு தினமும் பயந்துக்கிட்டு இருந்தவன் நான்தான். இனிமே நிம்மதி."

அது வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மஞ்சக்காலி ஓடையைத் தாண்டி, வெகுதூரத்தில் ஒரு தரிசுக் காட்டுக்குப் பறந்துபோனாள்.

மூன்று தலைவர்களும் அன்று மாலை கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 'மூன்று எல்லைகளின் ஒத்துழைப்பு முழு வெற்றி பெற்றது' என்று அதில் இருந்தது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் என்ன மிச்சம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. அந்தப் பெண்மயில் வெறும் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதனிடம் அறிக்கையைப் படித்துக் காட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு உடும்பு பதுங்கியும் வரவில்லை, மறைந்தும் போகவில்லை. பட்டப்பகலில் நடந்து வந்தது. வருகிறது என்று கத்த ஒருவரும் இல்லை. கேட்டால், முள்ளம்பன்றிதான் அதை அனுப்புகிறது என்றது மயில். தாராதான் வளர்த்துவிடுகிறது என்றது முள்ளம்பன்றி.

பத்து நாள் கழித்து ஆம்பலம்மாள் ஓடையைத் தாண்டிப் பறந்து வந்தார். கூட யாரும் இல்லை. மெலிந்து போயிருந்தார்.

"மஞ்சக்காலி, திரும்பி வந்துடும்மா" என்றார். "பழசை மனசுல வெச்சுக்காதே. எனக்கு ரெண்டே குஞ்சு மிச்சம். நீ அங்கே இருந்து கத்தினா போதும்."

மஞ்சக்காலிக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் ஆம்பலம்மாளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அம்மா, நான் உங்களுக்காகன்னு நினைச்சா கத்தினேன்? என் நாலு முட்டைக்காகக் கத்தினேன். அதுல நீங்களும் பிழைச்சீங்க" என்றாள். "இப்போ அங்கே வந்து நான் யாருக்காகக் கத்தணும்?"

ஆம்பலம்மாளுக்குக் குளத்தில் இரண்டு குஞ்சும் தனியாக இருக்கும் நினைப்பு வந்தது. அவசர அவசரமாகத் திரும்பிப் பறந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது குளம் அமைதியாக இருந்தது. குஞ்சுகள் இல்லை.

பொதுப் பகையை ஒழிக்கத் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்ல மறுப்பவர்கள், எச்சரித்தவரை ஒழிக்க மட்டும் ஒன்று சேர்ந்து, கடைசியில் அந்தப் பகைக்கே இரையாவார்கள்.